ரோமர் 13: அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிதல் எதுவரை?

எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பில் ஒரு தங்கச்சி கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அவளுக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. மேலதிகாரி ஒரு மனுவைக் கொடுத்து, அது போன மாதமே வந்துவிட்டதுபோல் பழைய தேதி போட்டுப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லியிருக்கிறார். வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு, பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "அண்ணே, ரோமர் 13-ல அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னுதானே இருக்கு? அப்ப சார் சொன்னா நான் ஏத்தித்தானே ஆகணும்?" என்று கேட்டாள்.

"பொய் எழுதாதே" என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். பொய் கூடாது என்பது அவளுக்கே தெரியும். வேதாகமம் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுப்பதுபோல் தோன்றியதுதான் அவளுடைய கலக்கம். "எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்" என்கிறார் பவுல். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" என்கிறார் பேதுரு. நம்மில் பலர் செய்வது என்னவென்றால், நமக்குப் பிடித்த ஆட்சி நடக்கும்போது பவுலின் வசனத்தை எடுத்துக்கொள்வோம். பிடிக்காத ஆட்சி வந்தால் பேதுருவின் வசனத்துக்கு மாறிக்கொள்வோம். அது வேதத்தை வாசிப்பது ஆகாது. இரண்டும் ஒரே புதிய ஏற்பாட்டில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

பவுல் யாருக்கு எழுதினார்?

ரோமருக்கு எழுதின நிருபம் ஏறக்குறைய கி.பி. 57-ல், கொரிந்துப் பட்டணத்திலிருந்து எழுதப்பட்டது. அப்போது ரோமில் அரியணையில் இருந்தவன் நீரோ. 54-ல் பட்டத்துக்கு வந்தவன். 64-ல் ரோம் நகரம் தீப்பிடித்து எரிந்த பிறகு கிறிஸ்தவர்கள்மேல் பழிபோட்டுக் கொன்றவன். பவுல் எழுதியபோது அந்தக் கொடுமை இன்னும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தச் சபையார் அரசாங்கத்தின் கையால் அடிபடாதவர்கள் அல்ல. நீரோவுக்கு முன் ஆண்ட கிலவுதியு இராயன் யூதர்களை ரோமைவிட்டு வெளியேறச் சொன்னான். அப்படி வெளியேறியவர்கள்தான் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் என்று அப்போஸ்தலர் 18 சொல்கிறது. வீட்டையும் தொழிலையும் விட்டுவிட்டு ஓடி, பிறகு திரும்பி வந்தவர்கள். அவர்களை வாழ்த்தச் சொல்லி இதே நிருபத்தின் 16-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார் பவுல். ஆக, "கீழ்ப்படியுங்கள்" என்ற சொல்லைக் கேட்டவர்களில் அரசாங்க உத்தரவால் ஊரை இழந்தவர்களும் இருந்தார்கள்.

வரியைப் பற்றி அவர் குறிப்பாகப் பேசுவதற்கும் காரணம் இருக்க வேண்டும். வரி வசூலிப்பவர்களின் அட்டூழியத்தைப் பற்றி ரோமில் மக்கள் முறையிட்டதையும், தீர்வைகளை அடியோடு நீக்கிவிடலாமா என்று நீரோவே யோசித்ததையும் ரோம வரலாற்றாசிரியர் தாசிதுஸ் எழுதியிருக்கிறார். அது 58-ல், அதாவது நிருபம் போய்ச் சேர்ந்த காலத்தை ஒட்டி நடந்தது. ஊரே வரியைப் பற்றிப் புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் "எவனுக்கு வரியைச் செலுத்தவேண்டியதோ அவனுக்கு வரியையும்" என்ற வார்த்தை அந்தச் சபையில் வாசிக்கப்பட்டது.

அப்புறம், ரோமர் 13-ஐத் தனியாக வெட்டி எடுத்து வாசிக்காதீர்கள். நிருபத்தை அதிகாரம் அதிகாரமாகப் பிரித்ததெல்லாம் 13-ஆம் நூற்றாண்டில்தான். பவுல் ஒரே மூச்சில் எழுதிய கடிதம் இது. முந்தின அதிகாரம் "தீமையை நன்மையினாலே வெல்லு" என்று முடிகிறது. பழிவாங்காதே, அதைத் தேவனிடம் விட்டுவிடு என்று சொன்ன கையோடு, குற்றம் செய்தவனைத் தண்டிக்கும் வேலையைத் தேவன் அரசாங்கத்திடம் கொடுத்திருக்கிறார் என்று 13-ல் தொடர்கிறார். இந்தப் பகுதி முடிந்ததும், அன்புகூருகிற கடனைத் தவிர வேறு எதிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்று போகிறது. முன்னும் பின்னும் அன்பு, நடுவில் அரசாங்கம். இந்த வரிசையைக் கவனித்தாலே பாதி குழப்பம் தீரும்.

இன்னொன்று, தமிழ் வேதாகமத்தில் மட்டும் வாசிக்கிறவர்களுக்குத் தெரியாமல் போகிற விஷயம். பிள்ளைகள் பெற்றாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியர் 6-ல் வருகிறது. அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ரோமர் 13-ல் வருகிறது. தமிழில் இரண்டும் ஒரே சொல். கிரேக்கத்தில் வேறு வேறு சொற்கள். எபேசியரில் வருவது, சொன்னதைக் காதில் வாங்கி அப்படியே செய்வது. ரோமரில் வருவதற்கு, ஒரு ஒழுங்குக்குக் கீழே தன்னை நிறுத்திக்கொள்வது என்று பொருள். அதிகாரத்துக்கு உரிய இடத்தை மதிக்கிறேன், அதைக் கவிழ்க்க மாட்டேன் என்பது ஒரு நிலை. அது என்ன சொன்னாலும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்பது வேறு நிலை. பவுல் கேட்பது முதலாவதை. அதனால்தான் 5-ஆம் வசனத்தில், தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, மனச்சாட்சியினிமித்தமும் கீழ்ப்படிய வேண்டும் என்கிறார். மனச்சாட்சியோடு கீழ்ப்படிகிறவன், மனச்சாட்சியைக் கழற்றி அதிகாரியின் மேசைமேல் வைத்துவிட்டு வர முடியாது.

அதிகாரியை அவர் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார் என்றும் பாருங்கள். "அவன் தேவ ஊழியக்காரனாயிருக்கிறான்." இராயனைத் தெய்வம் என்று வணங்கிய பேரரசு அது. கோயில் கட்டினார்கள், தூபம் காட்டினார்கள். அந்த இராயனைப் பார்த்து, "நீ என் தேவனுடைய வேலைக்காரன்" என்கிறது இந்த வசனம். நாம் இதைப் பணிவின் வசனமாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் ஆட்சியாளனை உயரத்திலிருந்து இறக்கி, அவனுக்கும் மேலே ஒரு எஜமான் உண்டு என்று நிறுத்துகிற வசனமும் இதுதான். வேலைக்காரன் எதற்காக வைக்கப்பட்டிருக்கிறான் என்பதும் கூடவே வருகிறது: "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு."

ஒரு காசும் ஒரு கேள்வியும்

இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவை மடக்கக் கேட்ட கதை எல்லாருக்கும் தெரியும். கொடு என்றால் ஜனங்கள் வெறுப்பார்கள், கொடுக்காதே என்றால் ரோமர் பிடித்துப்போவார்கள். அவர் "வரிக்காசை எனக்குக் காண்பியுங்கள்" என்றார். அந்தக் காசைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வெள்ளித் தினாரியு, நான்கு கிராமுக்கும் குறைவு, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. திராட்சத்தோட்ட உவமையில் வருகிறதே, ஒரு நாள் கூலி, அதுதான். ஒரு பக்கம் திபேரியு இராயனின் தலை. சுற்றிலும் எழுத்து: தெய்வமான அகுஸ்துவின் மகன் திபேரியு. ஒரு யூதனுக்கு அந்த வாசகமே தேவதூஷணம். கேள்வி கேட்டவர்களுக்கு அந்தக் காசைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, கொண்டுவந்து நீட்டிவிட்டார்கள்.

"இந்தச் சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது" என்று கேட்டுவிட்டுத்தான், இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்தச் சொன்னார். காசில் இராயனுடைய சுரூபம் இருக்கிறது, அது அவனுக்குப் போகட்டும். அப்படியென்றால் தேவனுடைய சாயல் எதில் இருக்கிறது? மனுஷனில் என்று ஆதியாகமம் முதல் அதிகாரமே சொல்கிறது. கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சுமார் 1,800 வருஷங்களுக்கு முன்பே இந்த விளக்கத்தை எழுதிவிட்டார். என் பணத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கேட்கலாம். என்னை முழுசாகக் கேட்க முடியாது.

இந்த வசனத்தை வைத்து "மதம் வேறு, அரசியல் வேறு, அதைப் பற்றிச் சபையில் பேசாதே" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. தேவனுடையது என்று ஒரு மூலையை ஒதுக்கிவிட்டு மீதியெல்லாம் இராயனுக்கு என்று அவர் பங்கு பிரிக்கவில்லை. இராயனே தேவனுடைய உலகத்துக்குள் இருக்கிறவன். பிலாத்துவைப் பார்த்து, மேலிருந்து கொடுக்கப்படாவிட்டால் உமக்கு என்மேல் அதிகாரமே இராது என்று சொன்னவரும் அவரேதான்.

எல்லை எங்கே வருகிறது?

யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள். எபிரெயர் வீட்டில் ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுபோடுங்கள் என்பது ராஜாவின் உத்தரவு. அவர்கள் செய்யவில்லை. இதில் என்னை எப்போதும் தொடுகிற ஒன்று உண்டு. அந்த இரண்டு பெண்களின் பெயரையும் வேதம் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பார்வோனின் பெயரை எழுதவில்லை.

தானியேலின் நண்பர்கள் சிலையை வணங்க மறுத்தார்கள். தானியேல் ஜெபத்தை நிறுத்த மறுத்தார். அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையை மறுத்தார்கள். இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் எல்லை புலப்படும். தேவன் வேண்டாம் என்றதைச் செய் என்று அரசாங்கம் சொன்னாலோ, தேவன் செய் என்றதைச் செய்யாதே என்று சொன்னாலோ அங்கே நிற்க வேண்டும். எனக்குப் பிடிக்காத சட்டம், செலவு வைக்கிற சட்டம், தொந்தரவான சட்டம் எதுவும் இந்தக் கணக்கில் வராது. ஹெல்மெட் போடுவதும் வீட்டு வரி கட்டுவதும் கணக்கை மறைக்காமல் வருமான வரி செலுத்துவதும் விசுவாசத்துக்கு விரோதமானவை அல்ல.

இதை மனம் நொந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கன்வென்ஷன் கூட்டத்தில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லிக் காவல்துறையினர் வந்தால், "உபத்திரவம் வந்துவிட்டது" என்று மேடையில் அறிவிக்கிறார்கள். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் எல்லாருக்கும் பொதுவாக உள்ளது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது. அங்கே கீழ்ப்படிவதுதான் அன்பு. உண்மையாகவே விசுவாசத்துக்காக அடிபடுகிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அந்தச் சொல்லை அவர்களுக்காக வைத்திருப்போம்.

வசனத்தை ஆயுதமாக்கியவர்கள்

ரோமர் 13-ஐ ஆளுகிறவர்கள் தங்களுக்குக் கவசமாக எடுத்துக்கொண்ட வரலாறு நீளமானது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனிச் சபைகளில் பலர் அதை வைத்தே தலைவணங்கினார்கள். அதை எதிர்த்த போதகர்களும் சபையாரும் 1934 மே மாதம் பார்மன் நகரத்தில் கூடி ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். நீதியையும் சமாதானத்தையும் காக்கும் பணி தேவனால் அரசுக்குக் கொடுக்கப்பட்டது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். மனித வாழ்க்கை முழுவதையும் ஆளுகிற ஒரே ஒழுங்காக அரசு ஆக முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக்கும் இதே வசனம் துணைக்கு இழுக்கப்பட்டது. அங்கிருந்த கறுப்பின இறையியலாளர்களும் மற்றவர்களும் 1985-ல் வெளியிட்ட கைரோஸ் ஆவணம் அந்த வாசிப்பைப் பகிரங்கமாக மறுத்தது.

நம் ஊர்க்காரர் ஒருவரின் கதை எனக்கு இவற்றைவிட நெருக்கமானது. ஜே. சி. குமரப்பா, 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். அமெரிக்காவில் பொருளாதாரம் படித்தபோது, பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவை எப்படிச் சுரண்டுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1929-ல் காந்தியைச் சந்தித்தார். அடுத்த வருஷம் உப்புச் சத்தியாக்கிரகம். அப்போது கல்கத்தா பிஷப்பாக, இந்திய ஆங்கிலிக்கன் சபையின் தலைவராக இருந்த வெஸ்ட்காட், சட்டமறுப்பு கிறிஸ்துவின் வழிக்கு ஏற்றதல்ல என்ற நிலையை எடுத்தார். குமரப்பா அதை மறுத்து எழுதினார். தன் சபையின் தலைமைக்கு, தன் விசுவாசத்தை விடாமலேயே மறுப்புச் சொல்வது லேசான காரியம் அல்ல. காந்தி சிறையில் இருந்தபோது யங் இந்தியா பத்திரிகையை நடத்தி, அதில் எழுதியதற்காகச் சிறை போனார். பின்னால் 1942 போராட்டத்தில் மறுபடியும் சிறை. ஜபல்பூர் சிறைக்குள் உட்கார்ந்து இயேசுவின் போதனையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். அவரும் வசனத்துக்கு வெளியே போகவில்லை. "உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு" என்ற பகுதியை ஆட்சியாளர்களிடம் திருப்பிக் கேட்டார், அவ்வளவுதான்.

எப்படி மறுப்பது?

மறுக்கலாம் என்பது சரி. எந்த விதத்தில் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள்.

பிலிப்பியில் பவுலுக்கும் சீலாவுக்கும் நடந்ததைப் பாருங்கள். விசாரணை இல்லாமல், சந்தைவெளியில், துணியைக் கிழித்து அடித்தார்கள். கால்களைத் தொழுமரத்தில் மாட்டினார்கள். ராத்திரி நிலநடுக்கத்தில் கதவுகள் திறந்தும் ஓடவில்லை. சிறைச்சாலைக்காரன் காயங்களைக் கழுவினான். விடிந்ததும் அதிகாரிகளிடமிருந்து ஆள் வருகிறது: போகலாம், சமாதானமாய்ப் போங்கள். யாராக இருந்தாலும் தப்பித்தோம் என்று கிளம்பியிருப்போம். பவுல் கிளம்பவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை விசாரிக்காமல் எல்லார் முன்னிலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துப்போகட்டும் என்றார். அதிகாரிகள் பயந்துபோய் வந்து கேட்டுக்கொண்ட பிறகுதான் வெளியே வந்தார்.

ரோமர் 13-ஐ எழுதிய அதே மனிதர்தான் இவர். சட்டம் தருகிற உரிமையைக் கேட்பது கீழ்ப்படியாமை ஆகாது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு எல்லாருக்கும் மனச்சாட்சிச் சுதந்தரத்தைக் கொடுக்கிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. கேரளத்தில் 1985-ல் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரை, தேசிய கீதத்தைப் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் பாடவில்லையே தவிர, கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள். உச்ச நீதிமன்றம் 1986-ல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்களுடைய உபதேசத்தை நான் ஏற்பதில்லை, தேசிய கீதத்தை நான் நெஞ்சாரப் பாடுகிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் நின்ற விதம் எனக்குப் பாடமாக இருக்கிறது. மறுத்தார்கள், அவமதிக்கவில்லை. தீர்ப்பு வரும்வரை தண்டனையைத் தாங்கினார்கள்.

ஜெபத்தையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன். அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது 1 தீமோத்தேயு 2. முதல் நூற்றாண்டின் கடைசியில், நீரோவின் கொலைகளைக் கண்ட அதே ரோமச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய கடிதத்தில் ஆட்சியாளர்களுக்காக ஒரு நீண்ட ஜெபம் இருக்கிறது. அவர்களுக்குச் சுகமும் சமாதானமும் உறுதியும் கேட்கிறது. நாம் ஓட்டுப் போட்ட கட்சி தோற்றுவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே முதலமைச்சருக்கான ஜெபத்தில் நம் குரல் இறங்கிப்போகிறது. அது நல்லதல்ல. அதேசமயம் ஜெபிக்கிற வாய்க்கு, தவறு செய்த தாவீது ராஜாவை நோக்கி "நீயே அந்த மனுஷன்" என்று சொன்ன நாத்தான் தீர்க்கதரிசியைப்போல் பேசவும் கடமை உண்டு.

தங்கச்சியின் கேள்வி

பவுலின் வாசகர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அவர்களுக்கு ஓட்டு கிடையாது. இராயன் வாயில் வருவதே சட்டம். நமக்கு மேலே இருக்கிற அதிகாரம் எந்தத் தனி மனிதரும் இல்லை, அரசியலமைப்பும் சட்டமும்தான். அமைச்சரும் ஆட்சியரும் அந்த மேலதிகாரியும் அதற்குக் கீழ்தான். அப்படியானால் "மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படி" என்ற வசனம் அவளைப் பழைய தேதி போடச் சொல்லவில்லை. போடாதே என்று சொல்வதே அந்த வசனம்தான். பதிவேட்டில் பொய்த் தேதி ஏற்றுவது சட்டப்படியே குற்றம். அவளுடைய விஷயத்தில் பவுலும் பேதுருவும் ஒரே பக்கம் நிற்கிறார்கள்.

இதை அடுத்த வாரம் அவளிடம் சொன்னேன். கூடவே ரோமர் 16:23-ஐ எடுத்துக் காட்டினேன். நிருபத்தின் கடைசியில் வாழ்த்துச் சொல்கிறவர்களில் ஒருவன் ஏரஸ்து, பட்டணத்து உக்கிராணக்காரன். கொரிந்து நகரத்தின் கணக்கு வழக்கைப் பார்த்த அரசு ஊழியன். பவுல் இந்த நிருபத்தை எழுதிய ஊரில், அவருக்குப் பக்கத்திலேயே ஒரு அரசு ஊழியன் விசுவாசியாக இருந்திருக்கிறான். அவள் அந்தப் பெயரின் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

அவள் மேலதிகாரியிடம் போய், "சார், இன்னைக்குத் தேதியில ஏத்திடறேன். தாமதம் ஏன்னு குறிப்புல எழுதிக்கலாம். பழைய தேதிதான் வேணும்னா எழுத்துல கொடுங்க சார்" என்று சொல்லியிருக்கிறாள். எழுத்தில் வரவில்லை. பத்து நாளில் அவளுடைய சீட்டை மாற்றித் தபால் பிரிவில் போட்டுவிட்டார்கள். நாள் முழுக்க உறை ஒட்டுகிற வேலை. வகுப்பில் இதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

அன்றைக்கு நாங்கள் வாசித்த பகுதி தானியேல் 6. சிங்கக்கெபிக்குள் தன்னைப் போட உத்தரவிட்ட ராஜா விடியற்காலையில் வந்து கூப்பிட்டதும், உள்ளேயிருந்து தானியேலின் வாயில் வருகிற முதல் வார்த்தை "ராஜாவே, நீர் என்றும் வாழ்க." அதற்குப் பிறகுதான், உமக்கு முன்பாகவும் நான் நீதிகேடு செய்ததில்லை என்கிறார். அவள் அந்த வசனத்தைச் சத்தமாக இரண்டாம் முறை வாசித்தாள். அந்த அதிகாரி இப்போதும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். தினமும் காலையில் அவர் அறை வாசலைத் தாண்டும்போது "வணக்கம் சார்" சொல்லிவிட்டுத்தான் தபால் பிரிவுக்குப் போகிறாள்.